மேசைக் கணினிக்குச் சிறிய ஸ்பீக்கர்: எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வாட் கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கச் சில வாட்டே தாராளம். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச அளவுதான். ஆம்ப்ளிஃபயர் (ஒலியைப் பெருக்கும் கருவி) உள்ளேயே இருக்கும் ஜோடியாக எடுங்கள். கனத்த ஒலிக்கு 3 அல்லது 4 அங்குல வூஃபர், கீச்சொலிக்குத் தனி ட்வீட்டர் போதும். நெஞ்சை அதிரவைக்கும் பேஸ் (ஆழ்ந்த கனத்த ஒலி) இதில் வராது, அதற்கு சப்வூஃபர் என்ற தனி ஸ்பீக்கர்தான்.

அப்புறம், ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். காற்றுத் துளை அங்கே இருந்தால், சுவரை ஒட்டி வைக்கும்போது பேஸ் குமுறி, குரலை மூடிவிடும். உங்கள் மேசை சுவரோரம்தான் என்றால் துளை முன்னால் இருப்பதே நல்லது. ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி சற்று சாய்த்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைந்தால் பாடுபவரின் குரல் திரைக்கு நடுவிலிருந்து வரும்.

ப்ளூடூத் மட்டும் உள்ளது வேண்டாம். வீடியோவில் உதடும் ஒலியும் பிசகலாம்.