கோர்ஸ் முடிச்சாச்சு, கப்பல் கிடைக்கல

கேள்வி: பையன் டிஎன்எஸ்னு கப்பல் ஆபிசர் ஆகுறதுக்கான ஒரு வருஷ டிப்ளமோ கோர்ஸ் முடிச்சுட்டு சும்மா இருக்கான். ஏஜென்ட் ஒருத்தர் லட்சக்கணக்குல பணம் கேக்குறார், குடுக்கலாமா சார்? - ஒரு அம்மா, தூத்துக்குடி

பதில்: குடுக்காதீங்கம்மா, தயவுசெஞ்சு குடுக்காதீங்க. வேலை வாங்கித் தர்றதுக்கு கப்பல் வேலைக்குப் போறவங்ககிட்ட பணம் வாங்கவே கூடாதுன்னு 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலயே இருக்கு, பாஸ்போர்ட், சிடிசி (கப்பல்ல வேலை பாக்குறவங்களுக்கான அடையாளப் புத்தகம்), மெடிக்கல் செலவு மட்டும்தான் நம்மளது. அந்த ஏஜென்ட்கிட்ட கப்பலுக்கு ஆள் எடுக்குறதுக்கான ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் நம்பர் கேளுங்க, அரசாங்கத்தோட கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் வெப்சைட்ல அந்த பேர் இருக்கா, லைசென்ஸ் இன்னும் செல்லுமான்னு பையனையே பாக்கச் சொல்லுங்க.

உங்க பையன் மேல தப்பே இல்லம்மா. காலேஜ்ல சீட் எத்தனை வேணா ஏத்திக்கலாம், ஆனா கப்பல்ல ஒரு கேடட்ட, அதாவது ட்ரெயினிங்ல இருக்குற பையன, ஏத்தணும்னா அவனுக்கு படுக்க இடம் வேணும், லைஃப்போட்ல அவனுக்கும் சேத்து சீட் வேணும், ட்ரெயினிங் ரெக்கார்ட் புக்ல வேலைய பாத்து கையெழுத்து போட ஆபிசருக்கு நேரம் வேணும், இதெல்லாம் செலவுன்னு நிறைய கம்பெனி ஒதுங்கிடுது, அதான் 18 மாச கடல் ட்ரெயினிங் கிடைக்காம பசங்க தேங்கி நிக்குறாங்க. அத முழுசா முடிக்காம செகண்ட் மேட்னு சொல்ற கப்பல் ஆபிசர் ஆக வழியே இல்ல. கப்பல்ல ட்ரெயினிங் தர்றோம்னு ஒரு கம்பெனியோட ஸ்பான்சர்ஷிப் இல்லாம சேத்துக்குற காலேஜ்களும் இத முன்னாடியே சொல்லணும், சொல்றதில்ல, எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் இது.

இப்போதைக்கு ஆயில், கெமிக்கல் டேங்கர் பேசிக் கோர்ஸ் முடிக்கட்டும், லைசென்ஸ் உள்ள கம்பெனிகளுக்கு நேரடியா அப்ளை பண்ணட்டும்.