ஹாம் தேர்வு எழுதப்போகிறீர்களா? வடசென்னை வாசகர் கேள்விகள்

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பத்தாவதுக்கு அப்புறம் இயற்பியல் பக்கமே போகவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்தால் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) உரிமத்துக்கான தேர்வில் பாஸ் ஆகிவிடலாமா?
– மாணவி, வியாசர்பாடி

மனப்பாடத்தை நம்பி உட்காராதேம்மா. கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டாலே படித்தது கைவிட்டுவிடும். பத்தாவதில் படித்த ஓம் விதி, அதோடு வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன், 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம், இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் கணக்குக் கேள்விகளின் பயம் பாதி போய்விடும். 300ஐ 145ஆல் வகுத்துப் பார், இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அதனால்தான் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதை டூ மீட்டர் பேண்ட் என்கிறார்கள், அதில் நாலில் ஒரு பங்கு ஐம்பது சென்டிமீட்டர் சொச்சம்தான் அந்த பேண்டுக்கான கால் அலை ஆன்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவிலிருந்து இரு பக்கமும் கம்பி நீளும் ஆன்டெனா) கட்ட 143ஐ 7.1ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி. நம் பக்கத்து மொட்டைமாடிகளில் 20 மீட்டர் நேராக எங்கே கிடைக்கும்? நடுவில் ஒரு கம்பம் நட்டு இரண்டு பக்கமும் சரித்து இறக்குவார்கள், இன்வெர்டட் வீ என்று பெயர். (ஈபி ஒயர் மாடிக்குப் பக்கத்தில் போகிற வீடாக இருந்தால் அந்தப் பக்கம் கம்பியைக் கொண்டுபோகவே கூடாது. இதைத் தேர்வுக்காகச் சொல்லவில்லை.)

இப்படி ஒவ்வொன்றையும் நோட்டில் போட்டுப் பார்த்துப் படித்தால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் எழுதலாம். தேர்வில் ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை உண்டு. தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் 50 கேள்வி, ஒரு மணி நேரம். ரேடியோ தியரி ஒரு பகுதி, சட்டதிட்டங்கள் இன்னொரு பகுதி, ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். ஆகவே ஒன்றில் அள்ளி இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது. வணிகச் சட்டம் படிக்கிற உனக்கு இரண்டாவது பகுதி சுலபமாக வரும், அதை முதலில் முடித்துவிடு.

அப்பாவின் விசைப்படகில் விஎச்எஃப் ரேடியோ செட் இருக்கிறது, அதில் பேசிப் பழக்கம் உண்டு. ஹாம் லைசென்ஸ் வாங்கினால் வீட்டிலிருந்தே படகோடு பேசலாம்தானே?
– பிளஸ் டூ மாணவன், காசிமேடு

பேசக்கூடாது தம்பி. படகில் இருப்பது கடல்சார் விஎச்எஃப், அதில் எல்லாரும் காதில் வைத்திருக்கும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். ஹாமுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை, அதற்கான உரிமமும் வேறு. இன்னொன்று, ஹாம் பேண்டில் வியாபாரம் பேசுவது எந்த நாட்டிலும் அனுமதி கிடையாது, வஞ்சிரம் இன்றைக்கு என்ன விலை போகிறது என்று ஏலத்துக்காகக் கேட்டால்கூட அது விதிமீறல்தான். இதெல்லாம் சட்டப் பகுதியில் அப்படியே கேள்வியாக வரும்.

ஆனால் உனக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆன்டெனாவை உயரத்தில் கட்டினால்தான் தூரம் எடுக்கும் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும், புத்தகம் சொல்லும் கணக்கும் அதுதான்: ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அது கிலோமீட்டரில் ரேடியோ தொடுவானம். 9 மீட்டர் உயரத்துக்கு 12 கிலோமீட்டர் சொச்சம், எதிர்ப் படகிலும் அதே உயரம் என்றால் இரண்டையும் கூட்டி 25க்குக் கிட்டே. வாட்டை எவ்வளவு ஏற்றினாலும் அதைத் தாண்டி அதிகம் போகாது. ஷார்ட்வேவ் அப்படியில்லை, அது வானில் வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்குகளான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும், பகலில் அதன் அடியிலுள்ள டி அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸை உறிஞ்சுவதால் மதுரை, பெங்களூரு மாதிரிப் பக்கத்து ஊர்கள்தான் நன்றாகக் கிடைக்கும், இருட்டியதும் அந்த அடுக்கு மறைந்து தூர தேசங்கள் வரும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் ஏற்கெனவே நிலையம் போட்டிருந்த ஹாம்கள், தீவுகளின் தொலைபேசி துண்டான நேரத்தில் செய்திகளைக் கரைக்குச் சேர்த்தது இந்த ஷார்ட்வேவில்தான். அபாயச் செய்தி காதில் விழுந்தால் மற்ற எல்லாப் பேச்சையும் நிறுத்த வேண்டும் என்ற விதியைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்.

எனக்கு 64 வயது. ஏழாவது படிக்கும் பேரனுக்கும் ஆசை வந்துவிட்டது. இருவரும் எழுதலாமா? மோர்ஸ் தந்திக் குறியீடு கட்டாயமா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

தாராளமாக எழுதலாம் ஐயா. பேரனுக்கு 12 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிடுங்கள், மோர்ஸை அவசரமில்லாமல் பேரனோடு கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளியும் கோடுமாகத் தாளில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், தாளில் படித்தவர் கேட்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றுவிடுவார். கே என்றால் டா-டி-டா, அந்த ஓசையாகவே காதில் ஏற வேண்டும். எழுத்தை வேகமாக ஒலிக்கவிட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மட்டும் நீட்டிக் கேளுங்கள்.

விண்ணப்பம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில்.

தேர்வுக்கு முன்னாலேயே ஒரு வாக்கிடாக்கி வாங்கிப் பழகட்டுமா?
– வாசகர், ராயபுரம்

வேண்டாம். உரிமம் இல்லாமல் ஹாம் பேண்டில் அனுப்பும் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தேர்வில் கிடைப்பது சான்றிதழ், அழைப்புக் குறியோடு (ஒவ்வொரு ஹாமுக்கும் தரப்படும் அடையாள எழுத்துகள்) உரிமம் வந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். கேட்பதற்கு வழி இருக்கிறது: நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் என்ற, இணையம் வழியாகக் கேட்கும் ரிசீவரை போனிலேயே திறந்து 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள், பேச்சை வாங்கும் முறையை எல்எஸ்பி (லோயர் சைட் பேண்ட்) என்பதில் வையுங்கள், இல்லாவிட்டால் பேச்சு வாத்துக் கத்துவது போலக் கேட்கும். ஐரோப்பிய ஹாம்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், தொடக்கத்திலும் முடிவிலும் அழைப்புக் குறியை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். க்யூஎஸ்எல் (செய்தி கிடைத்தது), க்யூடிஎச் (இருக்கும் இடம்) மாதிரியான க்யூ கோடுகள் என்னும் சுருக்கக் குறிகள் பட்டியலைப் பார்க்காமலே மனதில் நின்றுவிடும்.