லேப் என்றால் போவதா, போய்வருவதா? நீச்சல் சொற்கள்: கேள்வி பதில்

குளத்தின் ஓரத்தில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பதில் பல வருடங்கள் ஓடிவிட்டன. புதிதாக வருபவர்கள் தண்ணீரில் தடுமாறுவதைவிடச் சொற்களில் தடுமாறுவதுதான் அதிகம். கோச் ஒன்று சொல்வார், பக்கத்து லேன்காரர் வேறொன்று சொல்வார். கேட்கக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிடுவார்கள். எதுவானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

ஒரு மாதமாகத்தான் நீந்துகிறேன் மாஸ்டர். "இன்று 20 லேப் போட்டேன்" என்றார் ஒருவர். 20 முறை போனாரா, 20 முறை போய்வந்தாரா?

அவரைத்தான் கேட்க வேண்டும். உடற்பயிற்சிக்காக நீந்துபவர்களில் பலர் போய்த் திரும்புவதை ஒரு லேப் என்கிறார்கள். போட்டி நீச்சல்காரர்களுக்கு ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவரைத் தொட்டாலே ஒரு லேப். லென்த் என்றாலும் அதுதான். ஒரே சொல்லில் தூரம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் நான் மீட்டரில்தான் பேசுவேன். 400 மீட்டர் என்றால் 50 மீட்டர் குளத்தில் 8 லென்த், 25 மீட்டர் குளத்தில் 16. முதலில் உங்கள் குளத்தின் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாங் கோர்ஸ், ஷார்ட் கோர்ஸ் என்பதும் இதுதானா?

ஆமாம். 50 மீட்டர் குளம் லாங் கோர்ஸ், 25 மீட்டர் குளம் ஷார்ட் கோர்ஸ். ஒலிம்பிக் லாங் கோர்ஸில்தான் நடக்கும். சாதனைகளை இரண்டுக்கும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். ஷார்ட் கோர்ஸில் திரும்பும் இடங்கள் அதிகம். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது கிடைக்கும் வேகம் கையால் இழுத்துக் கிடைப்பதைவிட அதிகம். அதனால் அங்கே நேரம் குறையும். இரண்டு நேரங்களையும் அப்படியே ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

ஃப்ரீஸ்டைல், ஃப்ரன்ட் கிரால் இரண்டும் ஒன்றா சார்?

கிரால் என்பது நீந்தும் முறை. குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசி, கால்களைத் துடுப்புப்போல் அடித்துப் போவது. ஃப்ரீஸ்டைல் என்பது பந்தயத்தின் பெயர். எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம் என்பதுதான் அதன் பொருள். தவளை நீச்சல் அடித்தாலும் தவறில்லை. கிரால்தான் வேகமானது என்பதால் எல்லோரும் அதையே நீந்த, பெயரும் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. பட்டர்ஃபிளை (இரண்டு கைகளையும் சேர்த்து வீசுவது), பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது), பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்), ஃப்ரீஸ்டைல் என நான்கும் வரும் மெட்லியில், ஃப்ரீஸ்டைல் பகுதியில் மற்ற மூன்றையும் நீந்தக் கூடாது.

மெட்லி என்றதும் இன்னொரு சந்தேகம். ஒருவரே நீந்தும்போது பட்டர்ஃபிளையில் ஆரம்பிக்கிறார்கள், ரிலேயில் பேக்ஸ்ட்ரோக்கில் ஆரம்பிக்கிறார்கள். ஏன் மாறுகிறது?

பேக்ஸ்ட்ரோக்கை மட்டும் தண்ணீருக்குள் இருந்துதான் தொடங்க முடியும். ரிலேயில் அதை இரண்டாவதாக வைத்தால், முதல் ஆள் வந்து தொட வேண்டிய சுவரில் அடுத்தவர் தொங்கிக்கொண்டிருப்பார். அதனால் ரிலேயில் பேக், பிரெஸ்ட், பட்டர்ஃபிளை, ஃப்ரீ; தனிநபர் மெட்லியில் பட்டர்ஃபிளை, பேக், பிரெஸ்ட், ஃப்ரீ.

ரிலே பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், ஆண்கள் 4 × 100 ஃப்ரீஸ்டைல் ரிலே. கடைசி ஆளாக நீந்திய அமெரிக்காவின் ஜேசன் லீசாக் தன் 100 மீட்டரை 46.06 நொடியில் முடித்தார். அதே பந்தயத்தில் ஆஸ்திரேலியாவுக்கு முதலில் நீந்திய ஈமன் சல்லிவனின் நேரம் 47.24. உலக சாதனையாகப் பதிவானது சல்லிவனுடையது! முதல் ஆள் எல்லோரையும்போல ஒலி கேட்ட பிறகே கிளம்புகிறார். அடுத்தடுத்து வருபவர்கள் கூட்டாளி வருவதைப் பார்த்துக்கொண்டே உடம்பை முன்னால் வீசி, அவர் சுவரைத் தொடும் கணத்தில் கால் மேடையை விட்டு எழும்படி கிளம்பலாம். இதை டேக்ஓவர் என்பார்கள். இதில் பாதி நொடிக்கு மேல்கூட மிச்சமாகும். ஆனால் அவர் தொடுவதற்கு முன்பே கால் எழுந்தால் அணி மொத்தமும் வெளியே.

கோச் பலகையில் "8 × 100 @ 2:00" என்று எழுதுகிறார். நான் ஒவ்வொரு 100 முடிந்ததும் 2 நிமிடம் ஓய்வு எடுக்கிறேன். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பலரும் செய்யும் தவறுதான் தம்பி. 8 × 100 என்றால் 100 மீட்டரை எட்டு முறை நீந்துவது; இப்படி எழுதும் பயிற்சித் தொகுப்புதான் செட். 2:00 என்பது ஓய்வு நேரம் இல்லை, இன்டர்வல். அதாவது 2 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்ப வேண்டும். 1:45ல் வந்து சேர்ந்தால் 15 நொடி மூச்சு வாங்கலாம். 1:55 ஆனால் 5 நொடிதான். வேகமாக நீந்தினால் ஓய்வு கூடும், சோர்ந்தால் குறையும். முதல் இரண்டை வெறியோடு போட்டுவிட்டு ஆறாவதில் தவிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். எட்டு முறையும் ஒரே அளவு நேரம் வரும்படி நீந்தப் பாருங்கள். அந்த செட்டை எழுதியதே அதற்காகத்தான்.

கோச் வெறும் ஓய்வு கொடுக்க நினைத்தால் "ரெஸ்ட் 20" என்று தனியாக எழுதுவார்.

டேப்பர்? நெகட்டிவ் ஸ்ப்ளிட்?

பெரிய போட்டிக்கு முந்தைய சில நாட்களிலோ வாரங்களிலோ பயிற்சித் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, வேகத்தை மட்டும் விடாமல் பிடித்திருப்பது டேப்பர். பந்தயத்தின் இரண்டாம் பாதியை முதல் பாதியைவிட வேகமாக நீந்துவது நெகட்டிவ் ஸ்ப்ளிட்.

"கேட்ச் சரியில்லை, தண்ணீரைப் பிடி" என்று என் கோச் ஓயாமல் சொல்கிறார். தண்ணீரை எப்படி மாஸ்டர் பிடிப்பது?

நீச்சலில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஒருவருக்கு இது புரிந்த நாளில் அவருடைய நீச்சலே மாறிவிடும்.

கை முன்னால் நுழைந்து நன்றாக நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அவசரப்படாமல் விரல்நுனிகளைக் கீழே சாயுங்கள். முழங்கை மேலேயே நிற்க வேண்டும். இப்போது உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே பலகைபோல, நீங்கள் வந்த திசையைப் பார்க்கும். அந்தக் கணத்தில் உள்ளங்கைக்கு அடியில் தண்ணீர் சற்றுக் கெட்டியானது போலத் தெரியும். அதுதான் கேட்ச். அதற்குப் பிறகு அந்தக் கெட்டியான இடத்தில் கையை ஊன்றி உடம்பை முன்னால் கொண்டுபோவது புல். கை தண்ணீருக்கு மேலே வந்து மறுபடி முன்னால் போவது ரெகவரி. அந்த நேரத்தில் கை தளர்வாக இருக்கட்டும்.

பலர் செய்வது என்னவென்றால், கை உள்ளே போனதுமே நேராகக் கீழே அழுத்துகிறார்கள். நெஞ்சு மேலே எழும், பின்னால் கால் முங்கும். உழைப்பெல்லாம் உடம்பைத் தூக்குவதிலேயே போய்விடும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டு 25 மீட்டர் நீந்துங்கள். ஒன்றுமே அகப்படாது, எரிச்சலாக இருக்கும். முன்கையால் தண்ணீரைத் தள்ள உடம்பு தானாகவே வழி தேடும். அடுத்த 25ல் கையை விரியுங்கள். உள்ளங்கை இரண்டு மடங்கு பெரிதானது போல இருக்கும்.

என் வாட்ச் ஸ்வால்ஃப் என்று ஒரு எண் காட்டுகிறது.

ஒரு லென்த்துக்கு எத்தனை கைவீச்சு, எத்தனை நொடி, இரண்டையும் கூட்டிய எண். குறைந்தால் நல்லது. ஆனால் குளத்தின் நீளம், உங்கள் உயரம் எல்லாம் அதைப் பாதிக்கும். பக்கத்தில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். நாம் எண்ணும் கைவீச்சும் வாட்ச் எண்ணுவதும் ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு.

குளத்துக்கு மேலே குறுக்கே கொடி கட்டியிருக்கிறார்களே, அலங்காரத்துக்கா?

இல்லை அம்மா, மல்லாந்து நீந்துபவர்களுக்காக. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் கட்டுவார்கள். பேக்ஸ்ட்ரோக்கில் சுவர் கண்ணில் படாது. கொடியைக் கடந்ததும் எத்தனை கைவீச்சில் சுவர் வருகிறது என்று பயிற்சியிலேயே எண்ணி வைத்துக்கொண்டால் தலை மோதாது.

15 மீட்டர் குறியையும் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. தண்ணீரின் மேற்பரப்பில் போகும்போது உடம்பு அலை எழுப்புகிறது, அதிலேயே சக்தி வீணாகிறது. கொஞ்சம் ஆழத்தில் கைகளை நீட்டி, உடம்பை அம்புபோல் வைத்து (இதுதான் ஸ்ட்ரீம்லைன்), இரண்டு கால்களையும் சேர்த்து டால்ஃபின் கிக் அடித்தால் அந்தத் தடை குறையும். 1988 சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் முதல் லென்த்தின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கடந்தார். இறுதிப் போட்டியில் தங்கம் வென்ற ஜப்பானின் டைச்சி சுசுகியும் அப்படித்தான். அதன் பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. இப்போது ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் தொடங்கும்போதும் திரும்பும்போதும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு இந்தக் குறி இல்லை. அங்கே நீருக்கடியில் எத்தனை இழுப்பு, எத்தனை உதை என்று வேறு வரையறை.

ஓட்டப் பந்தயத்தில் ஆயிரத்தில் ஒரு நொடி வரை பார்க்கிறார்கள். நீச்சலில் மட்டும் ஏன் நூறில் ஒன்றோடு நிறுத்தி இருவருக்கும் தங்கம் கொடுக்கிறார்கள்?

அருமையான கேள்வி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4:31.98 என ஒரே நேரத்தில் முடித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, 4:31.981 எடுத்த லார்சனுக்குத் தங்கம், 4:31.983 எடுத்த மெக்கீக்கு வெள்ளி என்று முடிவு செய்தார்கள். அவர்கள் போன வேகத்தில் அந்த இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர். ஆனால் ஒரு குளத்தின் எல்லா லேன்களையும் மில்லிமீட்டர் பிசகாமல் கட்ட முடியாது. சென்டிமீட்டர் கணக்கில் சிறு வித்தியாசத்தை விதிகளே அனுமதிக்கின்றன. லேனின் நீளத்திலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்றால், 3 மில்லிமீட்டரை வைத்து யார் முந்தினார் என்று எப்படிச் சொல்வது? விதியை மாற்றினார்கள், நூறில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். 2000 சிட்னியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆண்டனி எர்வினும் கேரி ஹால் ஜூனியரும் 21.98ல் சேர்ந்து முடித்தபோது இருவருக்கும் தங்கம். மெக்கீயை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

ஒரே லேனில் ஐந்து பேர் நீந்துகிறோம். முன்னால் போகிறவரை எப்படி முந்துவது?

சர்க்கிள் ஸ்விம்மிங் என்பார்கள். லேனின் ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புவது. எந்த ஓரம் என்பது ஊருக்கு ஊர் மாறும், பார்த்துவிட்டு இறங்குங்கள். முந்த வேண்டுமானால் அவர் பாதத்தை மெதுவாக ஒரு முறை தொடுங்கள். அடுத்த சுவரில் அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார். உங்கள் பாதத்தை யாராவது தொட்டால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஓய்வெடுக்கும்போது மூலையில் நில்லுங்கள், நடுச் சுவர் திரும்புபவர்களுக்கு.

ஹைபாக்ஸிக் செட் என்கிறார்களே, நானாகவே நீருக்கடியில் மூச்சடக்கிப் பழகலாமா? இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் அதிக நேரம் தாங்க முடிகிறது.

தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். மூச்சு விட வேண்டும் என்று நம்மை உந்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவது அல்ல, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வது. வேகவேகமாக மூச்சு விட்டால் அது முதலிலேயே வெளியேறிவிடும். அபாய மணியைக் கழற்றி வைப்பது போலத்தான். ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும், தவிப்பு மட்டும் வராது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். ஷாலோ வாட்டர் பிளாக்அவுட் என்பது இதுதான். இடுப்பளவு தண்ணீரில், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் இறந்திருக்கிறார்கள். சத்தமும் இருக்காது, கைகால் அடிப்பதும் இருக்காது. மேலிருந்து பார்ப்பவர் பயிற்சி செய்கிறார் என்றே நினைப்பார்.

கோச் எழுதும் ஹைபாக்ஸிக் செட் பெரும்பாலும் மூன்று, ஐந்து கைவீச்சுக்கு ஒரு முறை மூச்சு எடுத்து நீந்துவது. அதையும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யுங்கள், முடியாதபோது மூச்சை எடுத்துவிடுங்கள்.

என் மகளுக்கு 11 வயது. முதல் போட்டி, பிரெஸ்ட்ஸ்ட்ரோக். ஹீட்டில், அதாவது அவள் நீந்திய பிரிவில், இரண்டாவதாக வந்தாள். முடிவுத் தாளில் நேரத்துக்குப் பதில் டிக்யூ என்று இருக்கிறது. அழுதுகொண்டே இருக்கிறாள் சார்.

டிக்யூ என்றால் தகுதி நீக்கம். (டிஎன்எஸ் இறங்கவே இல்லை, டிஎன்எஃப் முடிக்கவில்லை, என்டி இதற்கு முன் பதிவான நேரம் இல்லை.) காரணத்தை நடுவர் எழுதி வைத்திருப்பார், அவளுடைய கோச் மூலம் கேளுங்கள். இந்த வயதில், இந்த முறையில், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும்.

எனக்கும் முதல் போட்டியில் இதேதான் நடந்தது. கடைசிக் கைவீச்சில் சுவர் அருகில் வந்துவிட்டது என்ற ஆவலில் வலது கை முந்திக்கொண்டது. ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்று என் நேரத்தை நெடுநேரம் தேடினேன். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் அவளிடம் அர்த்தத்தைச் சொல்லுங்கள். அவள் மெதுவாக நீந்தவில்லை, ஒரு தொடுதல் மட்டும்தான் பிசகியது என்று சொல்லுங்கள்.

அப்புறம், அடுத்த பயிற்சியில் கொடிக்குக் கீழே, 5 மீட்டரில் இருந்து கிளம்பிச் சுவரைப் பத்து முறை தொடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு கைகளும் ஒரே சத்தமாக விழ வேண்டும். "தட், தட்" என்று இரண்டாகக் கேட்டால் மறுபடி.