மறுமொழி: முதியோர் இல்லத்தின் மேல்மாடி வெக்கையும் பசுங்கூரையும்

வணக்கம் ஐயா. முதியோர் இல்லத்தின் மேல்மாடி அறைகளில் இரவிலும் வெக்கை தணியவில்லை, மொட்டை மாடியில் மண் பரப்பிச் செடி வளர்க்கும் பசுங்கூரை அமைத்தால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் உண்டு, கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்குவது பெரிதும் குறையும். அதைவிட நான் பெரிதாக மதிக்கும் பயன் ஒன்று உண்டு: பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். ஆகவே, படுக்கையிலிருந்தே கண்ணில் படும் தாழ்ந்த கூரைத்தளம் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். 10 சென்டிமீட்டர் ஈரமண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ கனக்கும் என்பதால், கட்டுமானப் பொறியாளர் ஒப்பாமல் ஒரு கூடை மண்ணைக்கூட மேலேற்ற வேண்டாம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்ததும், வடிகுழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழ் அறையின் உட்கூரையில் ஈரத்திட்டு தெரிகிறதா என்று பாருங்கள்.