கரிவளியை ஐஸுக்குள் பிடிப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காப்பார் நிலக்கரி மின்நிலையம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அக்கா மகன் ஸ்ரீ இஸ்கந்தாரில் இரசாயனப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) தண்ணீரோடு சேர்த்து ஐஸ் மாதிரி உறைய வைத்துப் பிரிப்பதுதான் அவன் ஆய்வாம். "படிச்சு முடிச்சு ஐஸ் கச்சாங் கடை வைக்கப் போறான்" என்று வீட்டில் ஒரே கிண்டல். இது நடக்கிற காரியமா? நடக்கும் என்றால் காப்பாரிலும் எங்கள் பக்கம் பிறையிலும் புகைபோக்கியில் ஏன் இன்னும் பொருத்தவில்லை? இதைப் படித்தால் அவனுக்கு வேலை கிடைக்குமா?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள அம்மா,

நடக்கிற காரியம்தான். போதுமான குளிரும் அழுத்தமும் இருந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு கூண்டாகச் சேர்ந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாயு மூலக்கூறை அடைத்துக்கொண்டு திடமாகிவிடும். பார்த்தால் ஐஸ் போலத்தான் இருக்கும், பெயர் ஹைட்ரேட். (உள்ளே மீத்தேன் இருந்தால் தீக்குச்சி வைத்தால் எரியும். கிண்டல் செய்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.) 1934இல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்கர், எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொள்வது வெறும் ஐஸ் அல்ல, இந்த ஹைட்ரேட்தான் என்று காட்டினார். அன்றிலிருந்து எண்ணெய்த் தொழிலில் இது ஒரு தலைவலி. அந்தத் தலைவலியையே வேலை வாங்கப் பார்க்கிறான் உங்கள் அக்கா மகன்.

எல்லா வாயுவும் ஒரே அழுத்தத்தில் கூண்டுக்குள் போவதில்லை. சூன்யம் டிகிரியை ஒட்டி, கரிவளிக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் 12, 13 மடங்கு போதும். மீத்தேனுக்குச் சுமார் 26 மடங்கு, நைட்ரஜனுக்கு 160 வாக்கில் வேண்டும். ஹைட்ரஜனுக்கோ 2,000 மடங்கு அளவில் தேவைப்படும். ஆகவே கரிவளியும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைக் குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்து அழுத்தினால் கரிவளி உள்ளே போய்விடும், ஹைட்ரஜன் வெளியே நிற்கும். அப்புறம் கொஞ்சம் சூடாக்கினாலோ அழுத்தத்தைத் தளர்த்தினாலோ கரிவளி தனியே வந்துவிடும். மிஞ்சிய தண்ணீரை மறுபடி பயன்படுத்தலாம்.

அப்படிப்பட்ட கலவை புகைபோக்கியில் கிடைக்காது என்பதுதான் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில். நிலக்கரியை நேரே எரிக்காமல் ஆக்சிஜனும் நீராவியும் கொடுத்து வாயுவாக்கி, அதில் வரும் கார்பன் மோனாக்சைடை இன்னும் நீராவியோடு சேர்த்து மாற்றினால், கிட்டத்தட்ட 40 விழுக்காடு கரிவளியும் 60 விழுக்காடு ஹைட்ரஜனும் கொண்ட எரிபொருள் வாயு கிடைக்கும். அது ஏற்கெனவே 20 முதல் 70 மடங்கு அழுத்தத்தில் இருக்கும். ஹைட்ரேட் முறைக்குத் தோதான இடம் அது. எரிப்பதற்கு முன்பே கரிவளியை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை மட்டும் எரிக்கிறோம்.

காப்பார் போன்ற நிலையத்தில் நடப்பது தலைகீழ். நிலக்கரியை எரித்த பிறகு வரும் புகையில் கரிவளி 15 விழுக்காடு போல இருக்கும், மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். அழுத்தமும் சாதாரணக் காற்றின் அழுத்தம்தான். இதிலிருந்து வெறும் தண்ணீரில் ஹைட்ரேட் உண்டாக, மொத்தப் புகையையும் 75 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜனையும் சேர்த்துத்தான். அதற்கான மின்சாரத்தை அந்த நிலையமே கொடுத்தாக வேண்டும். பிறையில் எரிவது இயற்கை எரிவாயு. அந்தப் புகையில் கரிவளி இன்னும் குறைவு, ஏறக்குறைய 4 விழுக்காடு. அங்கே இதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அழுத்தத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானைத் தண்ணீரில் சிறிது கலந்தால் தேவையான அழுத்தம் பல மடங்கு இறங்கும். ஆனால் அதுவே பெரிய கூண்டுகளில் உட்கார்ந்துகொள்வதால் கரிவளிக்கு இடம் குறையும், ஆவியாகிப் போகவும் செய்யும். டிபிஏபி என்று ஆய்வகத்தில் சுருக்கமாகச் சொல்லும் உப்பு ஆவியாகாது. அதன் ஹைட்ரேட் சாதாரண அழுத்தத்திலேயே 12 டிகிரி வரை தாங்கும். எனக்குப் பிடித்தது இதுதான். 12 டிகிரி என்றால் குளிர்சாதனச் செலவு பாதி ஒழிந்தது என்று குளிர்நாட்டில் இருப்பவர் சொல்லலாம். நமக்கு அது பொருந்தாது. பினாங்கு நீரிணையின் தண்ணீரே 29, 30 டிகிரியில் இருக்கிறது. ஹைட்ரேட் உண்டாகும்போது வெப்பத்தையும் கக்கும், அதையும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை வேகம். தண்ணீரும் வாயுவும் தொடும் இடத்தில் முதலில் ஒரு படலம் உறையும், பால் ஆறும்போது ஆடை படிகிற மாதிரி. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு வாயு போய்ச் சேராது. கலக்கிவிடலாம், அதற்கும் மின்சாரம் வேண்டும். மணல் அல்லது சிலிக்கா துகள்களுக்கு நடுவில் தண்ணீரை வைத்துப் பார்க்கிறார்கள், சவர்க்காரம் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஆய்வகத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. மின்நிலையம் அளவுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறைக்கு ஏற்ற வாயுவாக்க நிலையங்களே அதிகம் எழவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் கெம்பர் என்ற இடத்தில் 700 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2017இல் நிலக்கரியை வாயுவாக்கும் பகுதியைக் கைவிட்டார்கள். அங்கே ஹைட்ரேட் பயன்படவில்லை, அது வேறு முறை. வீடே கட்டாத இடத்தில் கதவுக்கு அளவெடுக்கும் நிலைமை என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டில் கரிவளிப் பிரச்சினை பெரிதாக இருப்பது சரவாக் கடலில். சில எரிவாயு வயல்களில் மீத்தேனோடு கரிவளியும் ஏராளமாகக் கலந்து வருகிறது. கசவாரி வயலில் ஆண்டுக்கு 33 லட்சம் டன் வரை பிரித்து, பழைய வயலுக்குள் செலுத்தப் போவதாகப் பெட்ரோனாஸ் அறிவித்திருக்கிறது. அங்கே ஹைட்ரேட் போட்டிபோடுவது கடினம். 13, 26 என்ற அந்த இரண்டு எண்களைப் பாருங்கள், மீத்தேனும் கூடவே கூண்டுக்குள் நுழைந்துவிடும்.

வேலை கிடைக்குமா என்றால், கரிவளி பிடிக்கும் நிறுவனத்தில்தான் வேலை என்று அவன் காத்திருக்க வேண்டாம். ஆழ்கடல் எண்ணெய்க் குழாய்களில் ஹைட்ரேட் அடைப்பைத் தடுப்பதே தனித் தொழில். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவை மூட இறக்கிய பெரிய எஃகு மூடியை, 1,500 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரேட் அடைத்துக்கொண்டதால்தான் விட்டுவிட்டார்கள். ஹைட்ரேட்டை உண்டாக்கக் கற்றவனுக்கு அதைத் தடுக்கவும் தெரியும், வேதியியல் ஒன்றுதான். தீபாவளிக்கு வரும்போது அவனிடம் எந்தப் பொருளைத் தண்ணீரில் கலக்கிறான், ஹைட்ரேட் உண்டாக எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவன் கொஞ்சம் முனகுவான்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து