வாசகர் கேள்வி – பதில்: தக்சினுக்குப் பிறகும் தக்சின்

தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 2006-ஆம் ஆண்டு ராணுவத்தால் பதவி பறிக்கப்பட்ட ஒருவரின் பெயர், இவ்வளவு காலம் கடந்தும் அந்நாட்டு அரசியலை விட்டு அகலவில்லை. பெரும் பணக்காரர் ஒருவரை ஏழைகள் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடியது ஏன்? எல்லாம் காசுக்கு வாங்கிய ஓட்டு என்று சொல்கிறார்களே?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஓட்டுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் தக்சின் அரசியலுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் செல்வாக்குள்ள உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒருவர் இருப்பார்; தேர்தல் நேரத்தில் அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் பணம் கொடுப்பார்கள்; அவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாரோ அந்தக் கட்சி அமைச்சரவையில் இடம்பிடிக்கும்; சில காலத்தில் கூட்டணி உடைந்து மறுபடியும் தேர்தல் வரும். காசுதான் காரணம் என்றால், காசு கொடுத்த மற்ற எவருக்கும் கிடைக்காத விசுவாசம் இவருக்கு மட்டும் ஏன் கிடைத்தது என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

சியாங் மாய் அருகே பட்டு வணிகம் செய்த சீன வம்சாவளிக் குடும்பத்தில் 1949-இல் பிறந்த தக்சின், காவல்துறை அதிகாரியாக வேலை பார்த்து, பிறகு கணினி வாடகை வியாபாரத்திலும் கைப்பேசிச் சேவையிலும் இறங்கி நாட்டின் முதல்நிலைச் செல்வந்தர்களில் ஒருவரானார். 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாத் நாணயம் சரிந்து, பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளுக்கு அரசு தலையாட்ட வேண்டிவந்தபோது, வேலையிழந்து நகரங்களிலிருந்து கிராமத்துக்குத் திரும்பியவர்களின் சுமையைக் கிராமங்களே தாங்கின. அதே ஆண்டில் வந்த புதிய அரசமைப்புச் சட்டம் பெரிய கட்சிகளுக்குச் சாதகமாகத் தேர்தல் முறையை மாற்றியிருந்தது. இந்த இரண்டையும் சரியாகக் கணக்குப் போட்டு, 1998-இல் அவர் தொடங்கிய கட்சிதான் தாய் ராக் தாய்.

2001 தேர்தலில் அவர் கிராமத்தாருக்கு முன்வைத்தவை மூன்று: விவசாயிகளின் கடனுக்கு மூன்றாண்டு அவகாசம், கிராமம் ஒன்றுக்குப் பத்து லட்சம் பாத் சுழல்நிதி, 30 பாத் கட்டணத்தில் மருத்துவம். தேர்தல் வாக்குறுதி என்றால் அடுத்த தேர்தலில் தூசி தட்டப்படுவது என்று பழகிப்போயிருந்த மக்களுக்கு, ஓராண்டுக்குள் மூன்றும் வீட்டு வாசலுக்கே வந்தன. சுழல்நிதியை நம்மூர் மகளிர் சுய உதவிக் குழுக்களை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். கிராமத்தாரே தேர்ந்தெடுத்த குழு ஒன்று, பொதுவாக 20,000 பாத் வரையிலான கடனை அண்டை வீட்டாருக்கு வழங்கும். ஓராண்டில் திருப்பிச் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தில் கைப்பேசி வாங்கியவர்களும் உண்டு, பழைய கடனை அடைத்தவர்களும் உண்டு, மாடு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் பாங்காக்கில் போடப்பட்ட ஒரு கையெழுத்து தன் கையில் பணமாக வந்து நின்றதை வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த விவசாயி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர்களில் நான்காண்டு காலத்தை முழுமையாக முடித்த முதல் ஆள் தக்சின். 2001-இல் 500 இடங்களில் 248 பெற்ற கட்சி, 2005-இல் 375 இடங்களைப் பிடித்தது. இந்த ஏற்றத்தைக் காசுக் கவர்களைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

கேள்வி: நான் காட்பாடியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிகள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுடன் வருவதைத் தினமும் பார்க்கிறேன். தாய்லாந்தின் 30 பாத் திட்டமும் இது போன்றதுதானா?
– வாசகி, காட்பாடி

பதில்: இரண்டும் வெவ்வேறு அடித்தளத்தில் நிற்பவை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய நம் ஏற்பாடு, பட்டியலிடப்பட்ட அறுவை சிகிச்சைகளுக்கும் பெரிய சிகிச்சைகளுக்குமான தொகையை மருத்துவமனைக்கு வழங்குவது. காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நாம் போவது கட்டணமில்லாத அரசு மருத்துவமனைக்குத்தான். தாய்லாந்திலோ சளி, காய்ச்சல் முதல் அறுவை சிகிச்சை வரை எல்லாமே ஒரே அட்டைக்குள் வந்துவிடுகிறது. அரசு ஊழியர்களுக்கும், தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் அங்கே முன்பே தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன. விடுபட்டுக் கிடந்தவர்கள் விவசாயிகள், தெருவோர வியாபாரிகள், கூலித் தொழிலாளர்கள் ஆகிய பெரும்பான்மையினர். அவர்களுக்குத் தங்க அட்டை என்று மக்கள் அழைத்த அட்டை வழங்கப்பட்டது. தன் பெயர் பதிவாகியுள்ள மாவட்ட மருத்துவமனையில் அட்டையைக் காட்டி 30 பாத், அதாவது அன்றைய மதிப்பில் முப்பது ரூபாய்க்குச் சற்று மேல் செலுத்தினால், அதற்குமேல் கேட்பார் கிடையாது. காப்பீட்டு நிறுவனமும் கிடையாது. பதிவு செய்துள்ள ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று வரிப்பணத்திலிருந்து மருத்துவமனைக்கு நேரடியாக நிதி போகும்.

இதைத் தக்சினின் கண்டுபிடிப்பு என்று சொல்வது மிகை. பல ஆண்டுகள் கிராமங்களில் பணியாற்றிய மருத்துவர்கள் வகுத்துவைத்திருந்த திட்டம் அது. அவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் சங்குவான் நித்தயாரம்போங். மாவட்டந்தோறும் மருத்துவமனைகளும் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கட்டப்பட்டுத் தயாராக இருந்தன. எத்தனையோ கட்சித் தலைவர்கள் கேட்டும் கேளாமல் விட்ட யோசனையை வாங்கி, ஒரே எண்ணில் அதற்குப் பெயர் சூட்டி, 2002-இல் சட்டமாகவும் ஆக்கியது தக்சினின் சாமர்த்தியம். அரசியலில் அதுவும் சிறிய காரியம் அல்ல.

அவரை விரட்டிய ராணுவம் நியமித்த அரசு இந்தத் திட்டத்தை ஒழிக்கவில்லை. அந்த 30 பாத்தையும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே அரசு, எச்.ஐ.வி. மருந்து உள்ளிட்டவற்றின் காப்புரிமையைக் கடந்து மலிவு விலையில் மருந்து பெறக் கட்டாய உரிமங்களையும் பிறப்பித்தது. 2008 முதல் சிறுநீரகச் சுத்திகரிப்பும் திட்டத்தில் சேர்ந்தது. பின்னர் தங்கை யிங்லக் பிரதமரானதும் 30 பாத் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். வருமானத்துக்காக அல்ல, பெயருக்காகத்தான் என்பது என் கணிப்பு. தக்சின் விட்டுச்சென்றவற்றுள் எது உறுதியாக நிற்கிறது என்று கேட்டால் தயக்கமின்றி இதைத்தான் சொல்வேன்: எதிரிகளும் கைவைக்கத் துணியாத ஒன்றைச் செய்துவிட்டுப் போனவர் அவர்.

கேள்வி: கண்டியின் கடைசி அரசரை ஆங்கிலேயர் நம் கோட்டையில் கொண்டுவந்து அடைத்தபோது அத்தோடு அவருடைய ஆட்சி முடிந்தது. தக்சின் விஷயத்தில் மட்டும் நாடுகடந்த வாழ்க்கை ஏன் முடிவாக அமையவில்லை?
– வாசகர், சலவன்பேட்டை, வேலூர்

பதில்: விக்ரம ராஜசிங்கன் 1832-இல் இறக்கும்வரை இங்கே காவலில் இருந்தார், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் கல்லறையை இன்றும் காணலாம். அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர் என்று கண்டியில் எவரும் இல்லை. தக்சினுக்கோ இருந்தார்கள், தேர்தல் வைத்தபோதெல்லாம் அவர்கள் மறுபடியும் வந்து நின்றார்கள்.

2006 ஜனவரியில் அவருடைய குடும்பம் ஷின் நிறுவனப் பங்குகளைச் சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 7,300 கோடி பாத்துக்கு விற்று, வரி ஏதும் கட்டாமல் விட்டதில் பாங்காக் நடுத்தர வர்க்கம் கொதித்தெழுந்தது. அவரை எதிர்த்த மஞ்சள் சட்டை இயக்கம் தெருவுக்கு வந்தது. செப்டம்பர் 19 இரவு, ஐக்கிய நாடுகள் கூட்டத்துக்காக அவர் நியூயார்க்கில் இருந்தபோது பாங்காக்கில் டாங்கிகள் இறங்கின. மறுநாள் நகரவாசிகள் சிப்பாய்களுக்குப் பூக்கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2007-இல் கட்சி கலைக்கப்பட்டு, 111 நிர்வாகிகளுக்கு ஐந்தாண்டு அரசியல் தடை விதிக்கப்பட்டது. ஆனால் ஆண்டு முடிவதற்குள் நடந்த தேர்தலில் அவருடைய ஆதரவாளர்களின் மாற்றுக் கட்சிதான் வென்றது. அதன் பிரதமர் சமக் சுந்தரவேஜ், தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திச் சன்மானம் பெற்றார் என்பதற்காக அரசமைப்பு நீதிமன்றத்தால் பதவியிழந்தார். அடுத்து வந்த தக்சினின் மைத்துனர் சோம்சாய், 2011-இல் 500-க்கு 265 இடங்களுடன் வந்த தங்கை யிங்லக், 2024-இல் ஸ்ரேத்தா, 2025-இல் மகள் பேடோங்டார்ன் என்று அந்தப் பாசறையின் பிரதமர்கள் ஐவரை அதே நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ராணுவப் புரட்சியும் நீதிமன்றத் தீர்ப்பும் மாறி மாறி வரும் இந்த முறையும் அவருடைய காலம் விட்டுச்சென்றதுதான். அதற்கான கருவிகளில் பங்கு அவருக்கும் உண்டு: ஆட்சியில் இருந்தபோது சுதந்திரமான கண்காணிப்பு அமைப்புகளைத் தன் ஆட்களைக் கொண்டு வளைக்கப் பார்த்தவர், அவை பிற்பாடு மறுபக்கம் வளைந்தபோது புகார் சொன்னார்.

துபாயில் இருந்தபடி காணொளி வழியே, தன் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டையினரின் கூட்டங்களில் தக்சின் பேசிவந்தார். 2010-இல் பாங்காக் நடுவில் முகாமிட்ட சிவப்புச் சட்டையினரை ராணுவம் அகற்றியபோது, அந்தப் போராட்ட வாரங்களில் இறந்தோர் தொண்ணூறுக்கும் மேல். செத்தவர்கள் இங்கே, தலைவர் அங்கே என்ற கசப்பு அவர் பக்கத்திலேயே பலருக்கு இருந்தது.

கேள்வி: ஏழைகளின் காவலர் என்று இவரைப் புகழும்போது, தெற்குத் தாய்லாந்து முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை எப்படி மறப்பது?
– தோல் தொழிற்சாலை கணக்கர், பேரணாம்பட்டு

பதில்: மறக்கக் கூடாது. 2004 அக்டோபர் 25, ரமலான் மாதம். நராத்திவாட் மாகாணத்தின் தாக் பாய் காவல் நிலையத்துக்கு எதிரே, கைதான ஆறு உள்ளூர் பாதுகாப்புத் தன்னார்வலர்களை விடுவிக்கக் கோரி மக்கள் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் எழுவர் இறந்தனர். பிடிபட்டவர்களின் கைகளைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடத்தி, மணிக்கணக்கில் பயணம் செய்து பட்டானி முகாமுக்குக் கொண்டுபோனபோது 78 பேர் மூச்சுத் திணறி மடிந்திருந்தார்கள். நோன்பினால் உடல் தளர்ந்திருந்ததால் இறந்தார்கள் என்று பிரதமர் தக்சின் சொன்னார். அந்தச் சொல்லை அங்குள்ள எந்தக் குடும்பமும் மன்னித்ததாகத் தெரியவில்லை. இருபதாண்டுக் காலவரம்பு 2024 அக்டோபரில் முடிந்து வழக்கு செத்துப்போனபோது, பிரதமர் பொறுப்பில் இருந்தவர் அவருடைய மகள். குற்றம் சாட்டப்பட்டோருள் ஒருவர் அவர்களுடைய கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முன்னாள் தளபதி.

தாக் பாய்க்கு முந்தைய ஆண்டான 2003-இல் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்ற பெயரில் மூன்று மாதங்களில் 2,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பலருடைய பெயர் காவல்துறைப் பட்டியலில் இருந்தது. நீதிமன்றத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. வேதனை என்னவென்றால், அப்போது அந்நடவடிக்கைக்கு நாடு முழுவதும் பெருத்த கைதட்டல் கிடைத்தது. 30 பாத் அட்டையையும் இந்தப் பட்டியலையும் நடத்தியது ஒரே நிர்வாகப் பாணி: மேலிருந்து இலக்கு விதிப்பது, கெடு வைப்பது, எண்ணிக்கை கேட்பது. மருத்துவமனையில் உயிர் காத்த அந்தப் பாணி காவல் நிலையத்தில் உயிரை எடுத்தது.

கேள்வி: நெல்லுக்கு நல்ல விலை கொடுத்ததற்காக ஒரு பிரதமருக்குச் சிறைத் தண்டனையா?
– விவசாயி, ஆற்காடு

பதில்: யிங்லக் 2011-இல் டன் நெல்லுக்கு 15,000 பாத் என்று நிர்ணயித்தார், சந்தை விலையைவிட அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நம் நேரடி கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல் ரேஷன் கடைக்கு அரிசியாகப் போய்ச் சேர்கிறது. அங்கே வாங்கியதை உலகச் சந்தை விலை ஏறும்வரை கிடங்கில் பூட்டிவைப்பது திட்டம். அதே 2011 செப்டம்பரில் இந்தியா சாதா அரிசி ஏற்றுமதிக்கான தடையை நீக்கிவிட்டது. விலை ஏறவில்லை; 2012-இல் அரிசி ஏற்றுமதியில் தாய்லாந்தின் முதலிடம் இந்தியாவுக்கு வந்தது. கிடங்குகளில் அரிசி கெட்டது, 2014 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தர வேண்டிய பணமும் நின்றுபோனது. முறைகேடுகளைத் தடுக்கவில்லை என்று 2017-இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தீர்ப்புக்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறிவிட்டார். திட்டம் மோசமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. மோசமான திட்டத்துக்குத் தண்டனை வழங்க வேண்டியவர் வாக்காளர் என்பதிலும் ஐயமில்லை.

கேள்வி: மகளையே பிரதமராக்கியும் ஏறத்தாழ ஓராண்டுதான் தாங்கியது, எங்கே பிசகியது?
– கல்லூரி மாணவர், வாலாஜாபேட்டை

பதில்: உடனடிக் காரணம் ஒரு தொலைபேசி உரையாடல். கம்போடிய எல்லைத் தகராற்றின்போது 2025 ஜூனில் கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுடன் பேசிய பேடோங்டார்ன், அவரைச் சிற்றப்பா என்ற பாவனையில் அழைத்து, தம் நாட்டு ராணுவத் தளபதி ஒருவரை எதிரணி ஆள் என்று குறிப்பிட்டார். குடும்ப நண்பர் என்று நம்பிய ஹுன் சென் தரப்பிலிருந்தே ஒலிப்பதிவு வெளியேறியது. ஆகஸ்ட் 29 அன்று பதவி போனது. செப்டம்பர் 9 அன்று, தந்தை தக்சின் தன் பழைய வழக்குகளின் தண்டனைக் காலத்தைச் சிறைக்குப் பதில் மருத்துவமனையில் கழித்தது தண்டனையாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, ஓராண்டுச் சிறைக்கு அனுப்பியது.

பிசகு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது என்று கருதுகிறேன். 2023 மே தேர்தலில் இளைஞர்களின் மூவ் பார்வர்ட் கட்சி 151 இடங்களும் தக்சினின் பியூ தாய் 141 இடங்களும் பெற்றன. முதலில் அவர்களோடு கைகோத்த பியூ தாய், பிறகு அவர்களைக் கைவிட்டுத் தளபதிகளின் கட்சிகளோடு ஆட்சியமைத்தது. அந்த ஆகஸ்ட் 22 அன்றே, 2008-இல் நாட்டை விட்டு வெளியேறிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தக்சின் விமானத்தில் வந்திறங்கினார். தன்னை விரட்டியவர்களோடு சேர்ந்து ஊர் திரும்பிய தலைவரைச் சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு விளக்குவது கடினம். அவர்கள் பிள்ளைகளுக்கோ 2001 என்பது கேள்விப்பட்ட கதை மட்டுமே. 30 பாத் மருத்துவம் அவர்களுக்குப் பிறப்புரிமை, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய சலுகை அல்ல. அந்தத் தேர்தலில் அவருடைய சொந்த மாகாணமான சியாங் மாயின் பத்துத் தொகுதிகளில் ஏழு மூவ் பார்வர்டுக்குப் போயின.