30 ஆம்பியர் இருந்த இடத்தில் 60

கேள்வி: என் பிக்கப் வண்டி ஓடும்போதே டிரெய்லர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்படி ஓர் எலக்ட்ரீசியன் லைன் போட்டுக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து டிரெய்லரின் பழைய ஈய அமில பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தேன். அதன் பிறகு முன்பக்க ஃப்யூஸ் இருமுறை போனதால் 30 ஆம்பியருக்குப் பதில் 60 போட்டேன். விடுமுறைப் பயணத்தில் இணைப்பு பிளக் உருகித் தீப்பிடித்து, டிரெய்லரின் முன்பகுதி எரிந்துவிட்டது. குடும்பத்தோடு நடுச்சாலையில் நின்றோம். எலக்ட்ரீசியனோ போனில் ஏளனமாகப் பேசுகிறார். அவர் மீது வழக்குப் போட்டு முழு நஷ்டத்தையும் மன உளைச்சலுக்கான தொகையையும் வாங்க முடியுமா? காப்பீட்டுக் கிளெய்ம் படிவம் இன்னும் அனுப்பவில்லை. எரிந்ததைக் கழற்றிப் புது ஒயர் போட மெக்கானிக் நாளை வருகிறார்.

பதில்: முதலில் அந்த மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எலக்ட்ரீசியனின் வாய்த்துடுக்கும், கெட்டுப்போன விடுமுறையும் உங்களுக்குப் பெரிது. வழக்குக்கு அவற்றால் பயனில்லை. மன உளைச்சல் தொகையை இப்போதே மறந்துவிடுங்கள். இந்த வழக்கின் உயிர் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: 60 ஆம்பியர் ஃப்யூஸ்.

லித்தியம் பேட்டரிக்கு உள்மின்தடை குறைவு. சார்ஜ் இறங்கிக் கிடக்கும்போது கிடைக்கிற மின்னோட்டத்தையெல்லாம் இழுக்கும். அதனால்தான் நடுவில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வைப்பது வழக்கம். ஃப்யூஸ் அளவு பேட்டரியைப் பார்த்து முடிவாவதில்லை. ஒயரும் பிளக்கில் உள்ள உலோக முனைகளும் தாங்கும் அளவுதான் அதற்குக் கணக்கு. இருமுறை ஃப்யூஸ் போனபோது அது தன் வேலையைச் செய்தது. பெரியதைப் போட்டதும் அந்த வேலை நின்று, சுமை முழுவதும் பிளக்கின் தலையில் விழுந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இது ஒன்றைத்தான் கேட்பார். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. இந்த லைனின் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஆகவே இரு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும். டிரெய்லர் பக்கம் ஃப்யூஸ் வைக்காமல் விட்டிருந்தால், முன்பக்க ஃப்யூஸ் போன பிறகும் டிரெய்லர் பேட்டரியே தீக்கு மின்சாரம் கொடுத்திருக்கக்கூடும். அந்தக் குறை எலக்ட்ரீசியனுடையது. லித்தியம் வைக்கப்போவதாக முன்பே அவரிடம் சொன்னதற்குக் குறுஞ்செய்தியோ பில்லில் ஒரு வார்த்தையோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் டிரெய்லர் பக்கம் ஃப்யூஸ் இருந்ததா என்பதைச் சொல்லக்கூடியது அந்த எரிந்த ஒயர் ஒன்றுதான். அதைத்தான் நாளை கழற்றிக் குப்பையில் போட இருந்தீர்கள்.

என்னிடம் வரும் தீ வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன. வண்டி ஓட வேண்டும் என்ற அவசரத்தில் பழுது பார்த்துவிடுகிறார்கள். கையில் மிஞ்சுவது கைபேசியில் எடுத்த புகைப்படம். அதைப் பார்த்து எந்த நிபுணரும் தீ எந்த முனையில் தொடங்கியது என்று உறுதியாகச் சொல்லமாட்டார். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால் அந்த மௌனம் எதிர்த்தரப்புக்குச் சாதகம். நிபுணரை அழைக்கும் தேதியை எலக்ட்ரீசியனுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வருவதும் வராததும் அவர்கள் பாடு. அதுவரை பிளக், ஒயர், ஃப்யூஸ் ஹோல்டர் எதையும் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பை மட்டும், பாதுகாப்புக்காக, விவரம் தெரிந்தவரை வைத்துப் படமெடுத்துக்கொண்டே பிரிக்கலாம்.

இன்னொரு கூட்டம் இதைவிட மோசம்: பழைய 30 ஆம்பியர் ஃப்யூஸைத் திரும்பச் செருகிவைப்பவர்கள். கரியும் உருகிய பிளாஸ்டிக்கும் அப்பிய ஹோல்டரில் பளபளவென்று ஒரு ஃப்யூஸ் உட்கார்ந்திருந்தால், நிபுணர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கமாட்டார். ஃப்யூஸை மாற்றியதை எலக்ட்ரீசியனுக்குக் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தால் அதையும் அழிக்க வேண்டாம். அவர் கைபேசியில் அது பத்திரமாக இருக்கும்.

கிளெய்ம் படிவத்திலும் இதே பொறிதான். வாகனத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டனவா என்ற கட்டத்தில் லைன் போட்டது, பேட்டரி மாற்றியது, ஃப்யூஸ் மாற்றியது மூன்றையும் எழுதுங்கள். சாதாரணக் கவனக்குறைவு மட்டும் பெரும்பாலான பாலிசிகளில் கிளெய்மைக் கொல்வதில்லை. தெரிந்தே எழுதிய பொய் கொன்றுவிடும். பிறகு எலக்ட்ரீசியன் வழக்கிலும் உங்கள் வாக்குமூலத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

வழக்கைப் பொறுத்தவரை என் கருத்து: போடாதீர்கள், சமரசம் பேசுங்கள். நீதிமன்றம் தவற்றை இருவருக்கும் பங்கிடும். பெரிய பங்கு உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். நிபுணர் கட்டணத்தையும் காத்திருக்கும் காலத்தையும் கழித்தால் மிச்சம் மெலிந்துபோகும். டிரெய்லர் பக்க ஃப்யூஸ் இல்லை என்று அறிக்கை வந்தால், அதை முன்னால் வைத்துச் செலவில் ஒரு பகுதியைக் கேளுங்கள். மறுத்தால் மட்டும் நோட்டீஸ்.

ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரீசியன் நீட்டும் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ரசீதில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்கு இழப்பீடு கொடுத்த பிறகு அவர் மீது வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். அதை நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டால், உங்கள் கிளெய்மையே மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். முதலில் அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம், அதன் பிறகுதான் கையெழுத்து.